அப்பாவின் இரத்தப் புற்றுநோய்: தோட்டத்து மஞ்சளா, மருத்துவர் எழுதிய மாத்திரையா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். அப்பாவுக்கு 66 வயது. மூன்று ஏக்கரில் மஞ்சள், கொஞ்சம் வாழை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவைக்காகச் செய்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மிகுந்திருப்பது தெரிந்தது. சி.எல்.எல். என்கிற, மெதுவாக வளரும் இரத்தப் புற்றுநோய் என்று உறுதியானது. "இப்போதைக்கு மருந்து வேண்டாம், கண்காணிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அது அலட்சியம் என்பது வாசகியின் எண்ணம். இந்த ஐப்பசியில் நிலைமை மாறிவிட்டது. வெள்ளை அணுக்கள் 1,12,000, ஹீமோகுளோபின் 9.2; கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டி; இரவில் சட்டை நனையும் அளவுக்கு வேர்வை. கோவையில் பார்க்கும் மருத்துவர் வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையும் அதனுடன் ஓர் ஊசி மருந்தும் தொடங்க வேண்டும் என்கிறார்.

வாசகி உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை படித்தவர். இந்த மாத்திரை பிசிஎல்-2 என்ற புரதத்தைத் தடுத்து, புற்றுச் செல்களைத் தாமாகவே சாகவைக்கிறது என்பதைத் தேடிப் படித்திருக்கிறார். தேடிய இடத்திலேயே, மஞ்சளில் உள்ள குர்குமினும் அதே பிசிஎல்-2 அளவைக் குறைக்கிறது என்ற ஆய்வுக் கட்டுரைகளும் கண்ணில் பட்டிருக்கின்றன. தாய்மாமா இதைக் கேட்டுவிட்டு, "தோட்டம் நிறைய மருந்தை வைத்துக்கொண்டு எதற்கு லட்சம் லட்சமாகக் கொட்ட வேண்டும்?" என்று மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரைகளை வாங்கிக் கொடுத்துவிட்டார். அப்பா இரண்டு மாதமாக அவற்றைச் சாப்பிட்டு வருகிறார். மருத்துவரிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் "புற்றுநோய்" என்று யாரும் சொல்லவில்லை; "வெள்ளையணு கூடியிருக்கிறது" என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தை, மாசியில் மஞ்சள் வெட்டு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

வாசகியின் கேள்விகள்: இரண்டும் ஒரே வழியில் வேலை செய்கின்றன என்றால் மூன்று மாதம் மஞ்சளைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா? செல்களைச் சாகவைக்கும் மருந்து நல்ல செல்களை விட்டுவைக்குமா? தோட்டத்தில் அடித்த மருந்தால் வந்ததா? எனக்கும் என் மகனுக்கும் வருமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை. அவருடைய முழு அறிக்கைகளும் என்னிடம் இல்லை. ஆகவே இது அவருடைய மருத்துவர் சொன்னதற்கு மாற்று அல்ல. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்தே சில விஷயங்களை உறுதியாகச் சொல்ல முடியும். மூன்று மாதம் தள்ளிப்போடுவது சரியில்லை என்பது முதலாவது. அந்தக் குர்குமின் மாத்திரைகளை இன்றே நிறுத்த வேண்டும் என்பது இரண்டாவது. காரணங்களைச் சொல்கிறேன். நீங்கள் படித்தவர், வெறும் "கூடாது" உங்களுக்குப் போதாது.

செல்லைக் கொல்வதா கடினம்?

கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுச் செல்லைக் கொல்வது ஆராய்ச்சிக் கூடத்திலேயே ஆக எளிதான வேலை. உப்பை அளவுக்கு மீறிக் கரைத்து ஊற்றினாலும் சாகும். எந்தச் செல் சாக வேண்டும், எது பிழைக்க வேண்டும், செத்ததை உடம்பு எந்த வேகத்தில் அப்புறப்படுத்த முடியும் என்பவைதான் கடினமான கேள்விகள். வெனிடோக்ளாக்ஸின் கதை முழுக்க இந்தக் கேள்விகளின் கதை.

நம் உடம்பில் செல்கள் சாவது விபத்து அல்ல, ஏற்பாடு. 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் இந்த ஒழுங்கான சாவை நுண்நோக்கியில் கண்டு தனியாக அடையாளப்படுத்தினார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப்புழுவில் 1,090 செல்கள் உருவாகி, அவற்றில் சரியாக 131 செல்கள் ஒவ்வொரு புழுவிலும் குறித்த நேரத்தில் சாகின்றன. அந்தச் சாவை நடத்தும் மரபணுக்களைக் கண்டுபிடித்த ஹார்விட்சுக்கு, பிரென்னர், சல்ஸ்டன் ஆகியோருடன் சேர்த்து 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிசிஎல்-2 வந்தது இன்னொரு வாசல் வழியாக. ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் 14ஆவது குரோமோசோமும் 18ஆவது குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் இருந்த மரபணுவை 1980களின் நடுவில் சுஜிமோட்டோ, குரோச்சே ஆகியோர் பிடித்தார்கள். புற்றுநோய் மரபணு என்றாலே செல்லை வேகமாகப் பெருகவைப்பது என்றுதான் அதுவரை எண்ணம். 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் வேறொன்றைக் காட்டினார்கள்: இந்த மரபணு செல்லைப் பெருகவைக்கவே இல்லை, சாகவிடாமல் வைத்திருக்கிறது. சில ஆண்டுகளில், மனிதனின் பிசிஎல்-2ஐ அந்தப் புழுவுக்குள் வைத்துப் பார்த்தபோது புழுவின் செல்களும் சாகாமல் தப்பின. மனிதனுக்கும் புழுவுக்கும் அந்தப் பூட்டு பொது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

உங்கள் அப்பாவின் நோயும் இந்த வகையே. சி.எல்.எல். செல்கள் வெறிபிடித்துப் பெருகுவதைவிட, போக வேண்டிய நேரத்தில் போகாமல் தேங்கிப்போகின்றன என்பதுதான் முக்கியம். இரண்டு ஆண்டுகள் மருந்தில்லாமல் கண்காணித்ததும் அதனால்தான். அதை அலட்சியம் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. தொந்தரவு தராத சி.எல்.எல்.லுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்து ஆயுள் கூடியதாக நிரூபணம் இல்லை. இப்போது கதை வேறு. நோயின் காரணமாக ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்குவது சிகிச்சையைத் தொடங்க வேண்டிய குறிகளில் ஒன்று. எலும்பு மஜ்ஜையில் நல்ல செல்லுக்கு இடம் இல்லாமல் போகிறது என்று பொருள். அந்த வேர்வையும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது.

நல்ல செல்கள் என்ன ஆகும்?

நீங்கள் கேட்ட கேள்விகளில் மிக நல்லது இதுதான். இதே கேள்வியில்தான் விஞ்ஞானிகளும் பல ஆண்டுகள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிசிஎல்-2வுக்கு உடன்பிறப்பு போல பிசிஎல்-எக்ஸ்எல் என்று ஒரு புரதம் உண்டு. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் தங்கள் பத்து நாள் வாழ்க்கையை அதை நம்பித்தான் ஓட்டுகின்றன. முதலில் வந்த மருந்தான நாவிடோக்ளாக்ஸ் இரண்டையும் சேர்த்துத் தாக்கியது. புற்றுச் செல் செத்தது, தட்டணுவும் சரிந்தது. அந்த மூலக்கூறைத் திரும்பச் செதுக்கி, பிசிஎல்-2ஐ மட்டும் பற்றும்படி செய்ததுதான் வெனிடோக்ளாக்ஸ். அமெரிக்காவில் அதற்கு 2016இல் அனுமதி கிடைத்தது. மெல்போர்னில் அந்த மரபணுவின் வேலை தெரிந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆக, எல்லா நல்ல செல்லும் சாகாது. தம்மைச் சாகடிக்கும் புரதங்களைப் பிசிஎல்-2 என்ற ஒரே கையால் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும் செல்கள்தான், அந்தக் கையை விடுவித்ததும் சில மணி நேரத்தில் சாகின்றன. சி.எல்.எல். செல் அப்படிப்பட்டது. ஆனால் பக்க விளைவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் குறையும். தொற்று வரும் வாய்ப்பு கூடும். வயிற்றுப்போக்கும் குமட்டலும் பலருக்கு உண்டு.

மஞ்சளைப் பற்றி

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் நீங்கள் படித்த கட்டுரைகளைக் கொஞ்சம் சந்தேகத்துடன் திரும்பப் படியுங்கள். அவற்றில் தட்டில் ஊற்றிய குர்குமினின் செறிவு என்ன என்று பாருங்கள். பிறகு அதை விழுங்கியவர்களின் இரத்தத்தில் எவ்வளவு வந்தது என்று பாருங்கள். நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்த ஆய்வுகளிலும் இரத்தத்தில் காணப்பட்டது மிகச் சொற்பம். நம் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால், 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கும் மேல் மஞ்சள்தூள் வேண்டும். தினமும். குடல் அதில் பெரும்பகுதியை ஏற்பதில்லை, ஏற்றதையும் ஈரல் உடனே மாற்றி அனுப்பிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் வேதியியலில் இருக்கிறது. குர்குமின் தானே ஒளிரும்; கண்ட புரதத்தில் ஒட்டும்; உலோகத்தைப் பற்றும்; கரைசலில் சீக்கிரம் சிதையும். இத்தனை குணமும் சேர்ந்தால் ஆய்வுக்கூடச் சோதனை எதிலும் "வேலை செய்கிறது" என்ற விடை வந்துவிடும். மருந்து வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் 2017இல் வந்த விரிவான அலசல் இதைத்தான் சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து என்று தெரியாத முறையில் நடத்திய எதிலும் குர்குமின் வென்றதாக இல்லை என்பது அதன் முடிவு. உங்கள் மாமாவின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. இரண்டு மாதம் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவரிடம் காட்டுங்கள்.

குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது, அது தொடரட்டும். நான் நிறுத்தச் சொல்வது மிளகுச் சத்து சேர்த்த மாத்திரையை. மிளகின் பைப்பரின், குர்குமினை ஈரல் சிதைக்காமல் தடுப்பதற்காகவே சேர்க்கப்படுகிறது. அதே ஈரல்தான் வெனிடோக்ளாக்ஸையும் சிதைத்து வெளியேற்ற வேண்டும். அந்த வழியை அடைத்தால் கொடுத்த அளவைவிட அதிக மருந்து இரத்தத்தில் தங்கும். முதல் வாரங்களில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகைய மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்காவிலிருந்து அறிக்கைகள் வந்திருக்கின்றன. டப்பாவை அப்படியே அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். திட்டுவாரோ என்ற பயம் வேண்டாம். சொல்லாமல் விட்டதுதான் மருத்துவர்களாகிய எங்களைத் தூங்கவிடாது. லேகியம், சூரணம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொடுத்த வேர், எதுவாக இருந்தாலும் இதே விதிதான்.

முதல் ஐந்து வாரம்

உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுவே.

இந்த மருந்து வேலை செய்யாமல் போவதைவிட, ஒரேயடியாக வேலை செய்துவிடுவதுதான் தொடக்கத்தில் ஆபத்து. லட்சக்கணக்கில் இருக்கும் செல்கள் ஒன்றாகச் சாகும்போது அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் இரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் திணறும், இதயத் துடிப்பு பிறழும். மருந்தின் ஆரம்பகாலச் சோதனைகளில் இதனால் மரணங்களே நேர்ந்தன. அதற்குப் பிறகுதான் படிப்படியாக ஏற்றும் முறை வந்தது: முதல் வாரம் தினம் 20 மில்லிகிராம், பிறகு வாரம் ஒன்றாக 50, 100, 200, கடைசியில் 400.

அப்பாவின் வெள்ளையணு எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவர் குறைந்த ஆபத்துப் பிரிவில் இல்லை. நெறிகளின் அளவு 5 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் உயர் ஆபத்துப் பிரிவு; முதல் இரண்டு படிகளுக்கு மருத்துவமனையில் தங்கச் சொல்வார்கள். தங்காவிட்டாலும் முதல் மாத்திரை போட்ட ஆறிலிருந்து எட்டு மணி நேரத்திலும், மறுநாளும் இரத்தம் எடுக்க வேண்டும். கோபியிலிருந்து கோவைக்குப் போய் வந்து செய்யக்கூடிய காரியமா என்று யோசியுங்கள். அந்த நாள்களில் கோவையிலோ திருப்பூரில் உங்கள் வீட்டிலோ தங்க வைப்பது நல்லது.

யூரிக் அமிலத்துக்கான மாத்திரையை முன்கூட்டியே தொடங்கச் சொல்வார்கள். வெனிடோக்ளாக்ஸுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தினமும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் என்றால் தண்ணீர். நோயாளியைப் பார்க்க வரும் நம் ஊர்ச் சொந்தங்கள் ஆளுக்கு நான்கு இளநீருடன்தான் வருவார்கள். இளநீர் முழுக்கப் பொட்டாசியம். அந்த ஐந்து வாரங்களுக்கு வேண்டாம். வாழைப்பழத்தையும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். கிரேப்ஃப்ரூட், செவில் ஆரஞ்சு, நட்சத்திரப் பழம் ஆகியவை கூடாது என்று மருந்துடன் வரும் தாளில் இருக்கும். முதல் இரண்டும் நம் சந்தைக்கு வருவது அரிது. அவற்றின் இனத்தைச் சேர்ந்த பம்ப்ளிமாஸையும் நாரத்தங்காய் ஊறுகாயையும் நான் சேர்த்தே நிறுத்தச் சொல்வேன். காய்ச்சல், இருமல் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கமும் கூடாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும் பூஞ்சைக்கான சில மாத்திரைகளும் இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும்.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். 17ஆவது குரோமோசோமின் குறுங்கை இழப்பும் டிபி53 மரபணு மாற்றமும் பார்த்தாயிற்றா? செல் பழுதானால் சாகச் சொல்லும் மரபணு அது. அதில் கோளாறு இருந்தால் பழைய பாணிக் கீமோதெரபி பலிக்காது, சிகிச்சைத் திட்டமும் மாறலாம். இரத்தசோகை நோயாலேயே வந்ததா, அல்லது உடம்பே தன் சிவப்பணுக்களை அழிக்கிறதா என்பதற்கு கூம்ப்ஸ் பரிசோதனை செய்தாயிற்றா? உடம்பே அழிக்கிறது என்றால் முதல் மருந்து வேறு. மூன்றாவது, எத்தனை மாதம்? ஒபினுடுசுமாப் ஊசியுடன் என்றால் வழக்கமாக ஓராண்டு, ரிட்டுக்சிமாப் உடன் என்றால் மாத்திரை தொடங்கும் விதமும் மாறி, இரண்டாண்டு. ஆயுள் முழுவதும் அல்ல என்பது அப்பாவுக்கும் ஆறுதலாக இருக்கும்.

அப்பாவிடம் சொல்வது

மறைத்தது அன்பினால்தான் என்பது புரிகிறது. ஆனால் தினமும் மாத்திரை, வாராவாரம் இரத்தம், இளநீர் கூடாது, களத்துக்குப் போகாதே என்பதையெல்லாம் "வெள்ளையணு கூடியிருக்கிறது" என்ற ஒரு வரியை வைத்து எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. சுயநினைவுள்ள, வயது வந்த நோயாளியின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதம்தான் செல்லும். பெற்ற தாய் கொடுத்த சம்மதம் கூடச் செல்லாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முக்கியமாக, மஞ்சள் வெட்டு வரை தள்ளிப்போடலாம் என்று அவர் சொல்வது நோயின் பெயர் தெரியாததால். தெரிந்தால் கணக்கு வேறாகப் போடுவார். விதை போட்டு, ஒன்பது மாதம் காத்திருந்து, சந்தை விலைக்கு அஞ்சாமல் இருப்பு வைக்கத் தெரிந்த மனிதர் அவர். மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

வெட்டைப் பற்றியும் பேசிவிடலாம். மார்கழித் தொடக்கத்தில் சிகிச்சையை ஆரம்பித்தால், ஊசி மூன்று வாரம் முன்பாகப் போட்டு மாத்திரை பிறகு வரும் முறையிலும், மாசி முதல் பாதியில் ஏற்றும் கட்டம் முடிந்துவிடும். அதுவரை வெட்டு, வேகவைப்பு எல்லாவற்றையும் மாமா பார்த்துக்கொள்ளட்டும். அக்கறைக்கு அது நல்ல வேலை. அதன் பின்னும் விரலி மஞ்சளைக் காயவைத்துக் கிளறும் களத்திலும் மெருகேற்றும் உருளைப் பக்கத்திலும் அப்பா நிற்க வேண்டாம். அந்தப் புழுதியில் பூஞ்சை வித்துகள் இருக்கும். நியூட்ரோபில் குறைந்தவருக்கு அது நுரையீரலில் பிடித்துக்கொள்ளும். கணக்குப் பார்க்கவும் ஈரோட்டில் விலை பேசவும் தடையில்லை. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

மற்ற கேள்விகள்

தோட்டத்தில் அடித்த மருந்துதான் காரணமா? விவசாயிகளிடம் சில பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு. வியட்நாம் போரில் களைக்கொல்லிக்கு உள்ளான அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இந்த நோய் வந்தால் அந்நாட்டு அரசு இழப்பீடு தருகிறது. ஆனால் ஒரு தனி மனிதருக்கு இதனால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. பக்கத்துத் தோட்டத்தில் அதே மருந்தை அடித்தவருக்கு வரவில்லை. அப்பா தன்மேலேயே பழி போட்டுக்கொள்ள விடாதீர்கள். இனி அடிப்பவர்கள் முகமூடியும் கையுறையும் போடட்டும்.

உங்களுக்கும் மகனுக்கும்? நெருங்கிய இரத்த உறவுகளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுதல். ஆனால் இந்த நோய் நம் நாட்டில் மேலைநாடுகளைவிட அரிது. அரிதானது சில மடங்கானாலும் அரிதுதான். நலமாக இருப்பவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை. மகனுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

செலவு. மருந்து விலை உயர்ந்தது. மாமா சொன்னதில் அந்தப் பாதி உண்மை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மருந்தும் அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையில் உள்ள திட்ட மேசையில் நேரில் கேளுங்கள், மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் பற்றியும் சேர்த்து. முழுக் காலத்துக்கும் எவ்வளவு ஆகும் என்ற தொகையை எழுத்தில் வாங்கிவிட்டு முதல் மாத்திரையைத் தொடங்குங்கள். பாதியில் பணமில்லாமல் நிறுத்தும்படி ஆகும் என்று தோன்றினால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைந்த செலவில் வேறு சிகிச்சை முறைகளும் இருக்கின்றன, அவற்றில் எது பொருந்தும் என்பதை அந்த டிபி53 அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொல்வார்.